கடைசிப் படகு நாலு மணிக்கு

என் தம்பி ஆல்ஸ்டன் அப்பாவை அடக்கம் செய்ய உல்லாசக் கப்பலில் வந்தான்.

நான் ஏதோ பேச்சுக்குச் சொல்வதாக நினைக்கவேண்டாம். உண்மையிலேயே உல்லாசக் கப்பல்தான். பன்னிரண்டு மாடி, நாலு நீச்சல் குளம், உச்சியில் ஒரு சறுக்கு மரம். ஏழு இரவு, ஐந்து தீவு. நாலாவது தீவு நாங்கள். அப்பா போன செய்தியைச் சொல்லி முழுசாக ஒரு நாள்கூட ஆகியிருக்காது, நியூயார்க்கிலிருந்து திரும்பக் கூப்பிட்டான். செல்மா என்ற என் பெயரை அவன் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவான்.

"செல், பிளைட்ட விட இது பாதி வெலை. சாப்பாடும் சேத்து."

"அப்படியாடா. போற வழியில எறங்கி ஒரு கை மண்ணு போட்டுட்டுப் போ."

நான் குத்தலாகத்தான் சொன்னேன். அவன் ரொம்ப நன்றி என்று சொல்லி போனை வைத்தான்.

அந்தக் கப்பல் எங்கள் பெத்தி மார்த் தீவுக்கு வருவது பதினெட்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமை. ஆகவே அப்பா பதினெட்டு நாள் பெரிய தீவில் குளிர்பெட்டிக்குள் காத்திருந்தார். ஐஸ் தண்ணீர் தொண்டைக்கு ஆகாது என்று வாழ்நாளெல்லாம் வெந்நீர் குடித்த மனுஷர். வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேராமல் எங்கள் ஊரில் யாரையும் புதைப்பதில்லை, அது வழக்கம்தான். ஆனால் இதுவரை எந்தப் பிணமும் ஒரு கப்பல் கம்பெனியின் கால அட்டவணையைப் பார்த்துப் படுத்திருந்ததில்லை.

ரேடியோவில் மரண அறிவிப்பு வாசித்தார்கள். "ஹெஸகையா எமானுவேல் குவாஷி" என்றதும் தீவில் ஒருத்தருக்கும் ஆள் யாரென்று தெரியவில்லை. "ஈஸி என்று எல்லோராலும் அறியப்பட்டவர்" என்ற அடுத்த வரிக்குத்தான் ஊரில் அழுகை கிளம்பியது. அப்பா முப்பத்தோரு வருஷம் இந்தத் தீவின் ஒரே பஸ்ஸை ஓட்டினார். கழுதை முந்திக்கொண்டு போகும்; எங்கள் ஊரில் ஈஸி என்றால் மெதுவாக. அதனால் அந்தப் பெயர்.

கடைசி வாரத்தில் அவருக்குப் பேச்சு குழறிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார். "ஆல்ஸ்டன் வந்தா ஒரு ராத்திரி இந்த வீட்ல படுக்கச் சொல்லு. பேசல்லாம் வேணாம். படுத்தா போதும்." அப்பாவும் மகனும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. ஏன் என்று இரண்டு பேரும் என்னிடம் சொன்னதில்லை. நான் படுக்க வைக்கிறேன் என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

சத்தியம் செய்வது சுலபம். கப்பலோ விடியற்காலையில் வந்து வெளியே நங்கூரம் போடும். காலை எட்டு மணிக்குச் சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். கரையிலிருந்து திரும்புகிற கடைசிப் படகு மாலை நாலு மணிக்கு. அதை விட்டவனுக்காக அது நிற்காது, கிளம்பிவிடும்.

ஆல்ஸ்டன் காசுக்காகத்தான் கப்பலில் வருகிறான் என்று நம்ப நான் நேற்றுப் பிறந்தவள் இல்லை. விமானத்தில் வந்தால் தங்கவேண்டும். தங்கினால் அந்த வீட்டில் தங்கவேண்டும், அப்பாவின் நாற்காலியைப் பார்க்கவேண்டும். கப்பலில் வந்தால் நாலு மணிக்கு "நான் என்ன பண்றது?" என்று கையை விரித்துவிட்டுப் போகலாம். மனிதர்கள் தலைவலி, வயிற்றுவலி என்று சாக்குச் சொல்வார்கள். என் தம்பி பன்னிரண்டு மாடியில், சறுக்கு மரத்தோடு ஒரு சாக்கைக் கொண்டுவந்தான்.

எனக்குக் கப்பலை நிறுத்தத் தெரியாது. நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். நானும் ஒரு மின்விசிறியும்தான் அந்த ஆபீசை நடத்துகிறோம். ஆனால் ஓர் அடக்கத்தை இழுக்கத் தெரியும். அப்பாவின் தங்கை டான்டி ஜெர்வெஸ், அதாவது ஜெர்வெஸ் அத்தை, தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி. நேராக அவரிடம் போனேன்.

"டான்டி, எத்தனை பாட்டு வெச்சிருக்கீங்க?"

"மூணு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சரணம்."

"ஆறு பாட்டு வைங்க. எல்லாச் சரணமும் பாடுங்க."

டான்டி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதுக்குடி? செத்தவனுக்குக் காது கேக்காது."

"கேக்க வேண்டியவன் ஒருத்தன் வர்றான். நாலு மணிக்கு அவனுக்குக் கடைசிப் படகு."

 டான்டி பாட்டுப் புத்தகத்தை எடுத்து, நுனிவிரலை நாக்கில் தொட்டுப் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார். "எட்டாக்கிடறேன்," என்றார். "தொண்ணூத்தி மூணாம் பாட்டுல ஒம்பது சரணம் இருக்கு. அதை யாரும் பாடறதே இல்ல, பாவம்."

இந்தச் சதியில் டான்டி என்னைவிட ஆர்வமாக இருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழி முழுவதும் என் தலையில் விழக்கூடாது. அவர் பாட்டுகளைப் பார்த்துக்கொண்டார். நான் அஞ்சலிப் பேச்சுகளைப் பார்த்துக்கொண்டேன். பதினோரு பேரின் பெயரை எழுதினேன். எங்கள் தீவில் "ரெண்டு நிமிஷம் பேசறேன்" என்று எழுகிறவர் பத்து நிமிடத்துக்கு முன்னால் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அடக்கம் பதினோரு மணிக்கு என்று ரேடியோவில் சொல்லச் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் பன்னிரண்டரைக்காவது ஆட்கள் வருவார்கள்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கே துறைமுகத்தில் போய் நின்றேன். கப்பல் வெளியே நின்றுகொண்டிருந்தது, எங்கள் மலையைவிட உயரமாக. எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. ஒரு படகும் வரவில்லை. கப்பல்காரர்கள் நிமிஷம் தவறமாட்டார்கள் என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் கிளேவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தூங்கப் போனார். ஒன்பது மணிக்கு முதல் படகு வந்தது.

கப்பல் வருகிற நாளில் நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. ஆகவே எண்ணெய்ப் பீப்பாய் மேளங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மஞ்சள் பாவாடை கட்டி ரம் கலந்த பழச்சாறு கொடுத்தார்கள். அந்தப் பாவாடையை எங்கள் தீவில் எவளும் எந்தக் காலத்திலும் கட்டினதில்லை. பயணிகள் வெயிலுக்கு வெள்ளைத் தைலத்தை அப்பிக்கொண்டு, எண்ணெய்க்குக் காத்திருக்கிற பஜ்ஜி மாதிரி வரிசையாக இறங்கினார்கள். கப்பல் கம்பெனியின் தாளில் எங்களை "ஒளிந்திருக்கும் முத்து" என்று போட்டிருக்கிறார்களாம். நாங்கள் ஒளியவே இல்லை. பஸ் ஓட்டி, கடிதம் பிரித்து, பிறந்து செத்து, இங்கேயேதான் இருக்கிறோம்.

மூன்றாவது படகில் ஆல்ஸ்டன் வந்தான். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, நெஞ்சில் "குழு 14" என்று ஒரு பச்சை ஸ்டிக்கர். மஞ்சள் பாவாடைப் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். அவன் கையில் பழச்சாற்றைத் திணித்தாள்.

"பெத்தி மார்த்துக்கு நல்வரவு சார்! மொத தடவையா வர்றீங்க?"

"ரெண்டாவது," என்றான். "மொத தடவ இருபத்திமூணு வருஷம் தங்கினேன்."

அவளுக்குப் புரியவில்லை. சந்தோஷமாகச் சிரித்தாள், சுற்றறிக்கையின்படி.

அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டே நேராக நடந்து வந்தான். வழியில் டாக்சிக்காரர்கள் ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கடந்து வந்துவிட்டான், வாயைத் திறக்காமல். எங்கள் ஊரில் நாயைக் கடந்தால்கூட "குட் மார்னிங்" சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

கிளேவ் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "மிஸ் செல்மா, உங்க தம்பி நாக்கக் கப்பல்லயே வெச்சிட்டு வந்துட்டாரா? இல்ல, அமெரிக்கால காலையே விடியறதில்லயா?"

ஆல்ஸ்டன் நின்றான். காது சிவந்துவிட்டது. திரும்பிப் போய் ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் குட் மார்னிங் சொன்னான். கடைசி ஆளுக்குச் சொல்லும்போது அவன் குரல் பழைய குரலாகியிருந்தது.

என்னிடம் வந்தான். பத்தொன்பது வருஷம். நல்ல பருமன். தலையில் பாதி முடியைக் காணோம். அவனைப் பார்த்தால் அழக்கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன்.

"எளச்சிட்டியேடா," என்றேன். "கப்பல்ல சாப்பாடு போடறதில்லயா?"

"ஆரம்பிச்சிட்டியா." கட்டிக்கொண்டான். தேங்காய் எண்ணெயும் கப்பல் சோப்பும் சேர்ந்து மணந்தது. "அடக்கம் எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு."

"முடிய?"

"கடவுள் விட்ட வழி."

"செல், கடைசிப் படகு நாலு மணிக்கு. அதை விட்டா அவ்ளோதான்."

"தெரியும்டா. உன்னவிட எனக்கு நல்லாத் தெரியும்."

கிளேவின் வண்டியில் கிளம்பினோம். வீடு வழியில்தான் இருக்கிறது. வாசலில் கறுப்பும் ஊதாவுமாகத் துணி கட்டியிருந்தோம். கப்பல் பயணிகள் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்ஸ்டன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே காலை வைக்கவில்லை. "நேரா சர்ச்சுக்குப் போயிரலாம் செல், லேட்டாயிரும்," என்றான். மணி பத்துகூட ஆகவில்லை.  இன்று ராத்திரி எப்படியும் உள்ளே வரத்தானே போகிறாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு முதல் பாட்டு தொடங்கியது. தேவாலயத்தில் இடம் இல்லை, சன்னல் வழியாகவும் தலைகள். அப்பா முன்னால் பெட்டியில், டிரைவர் தொப்பி மேலே. டான்டி ஒவ்வொரு சரணத்தையும் நெல்லைப் புழுக்குகிற நிதானத்தில் பாட வைத்தார். பெரிய தீவிலிருந்து வந்திருந்த பாதர் லுடோவிக் நாலாவது சரணத்தில் ஒருதரம் எழுந்தார். டான்டி அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி வரிசையில் வைக்கோல் தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். கலைநிகழ்ச்சி என்று நினைத்திருக்கவேண்டும். தாளம் போட்டார்கள், சின்னதாக வீடியோ எடுத்தார்கள். தொண்ணூற்று மூன்றாம் பாட்டின் ஆறாவது சரணத்தில் மெல்ல எழுந்து போய்விட்டார்கள். இதுபோன்ற இடங்களுக்கு அவர்கள் தாளில் நாற்பது நிமிடம்தான் ஒதுக்கியிருப்பார்கள்.

அஞ்சலிப் பேச்சுகள் தொடங்கின. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு நீளத்தில் சொன்னார்கள். ரொட்டி சுடுகிற மிஸ் ஒடெட் சொன்னாள்: "ஈஸி யாரையும் விட்டுட்டுப் போனதில்ல. நான் தலைய வாரிட்டிருப்பேன். பஸ் வெளிய நிக்கும். ஒரு ஹார்ன் அடிக்கமாட்டாரு. உள்ள இருக்கறவன் கத்துவான். ஈஸி சொல்லுவாரு, 'அவ வருவா. உனக்கு அவசரமா இருந்தா எறங்கி நட.'" தேவாலயமே சிரித்தது. நான் சிரித்தபடியே தம்பியைப் பார்த்தேன். அவன் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தான். மணி இரண்டு ஐந்து. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, அதையும் மறைக்கவில்லை. பிறகு வாட்சைப் பார்க்கும்போதெல்லாம் அவன் பதற்றப்படாதது ஒரு நெருடலாக இருந்தது. அமெரிக்காவில் இதற்கும் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக மகன் பேசவேண்டும். ஆல்ஸ்டன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். அதைப் பிரித்து, பார்த்து, மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நான் நியூயார்க் போன அன்னிக்கு," என்று ஆரம்பித்தான், "அப்பாதான் என்னைப் படகுத்துறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒம்பது மணிப் படகு. எட்டு மணிக்கே கெளம்பிட்டோம். மூணு மைலு. பஸ்ல நான் ஒருத்தன்தான். அப்பா நடக்கறவன் வேகத்துல ஓட்டறாரு. ரோட்ல ஆடு நின்னா நிறுத்தறாரு. ஆடு போனப்பறமும் நிக்கறாரு."

சிரிப்பு எழுந்தது.

"மிஸ் ஒடெட் வீட்டு முன்னால அஞ்சு நிமிஷம் நின்னாரு. மிஸ் ஒடெட் அன்னிக்கு ஊர்லயே இல்ல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நான் படகை விடணும்னுதான் இப்படி ஓட்டறாரு. வாயத் தொறந்து 'போகாதடா'ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்குக் கோவம் வந்துருச்சு. பஸ் ஓடிட்டிருக்கும்போதே எறங்கினேன். அந்த வேகத்துல யாரு வேணும்னாலும் எறங்கலாம். பொட்டியத் தலையில வெச்சுக்கிட்டு ஓடினேன். படகுல ஏறித் திரும்பிப் பாத்தா, அப்பா பஸ்ஸுக்குள்ளயே உக்காந்திருக்காரு. கைய ஆட்டல. நானும் ஆட்டல."

சிரிப்பு எங்கேயோ நின்றுபோயிருந்தது.

"போன் பண்ணலாம்னு நெனச்சேன். ஒரு வருஷம் ஆயிருச்சு, வெக்கமா இருந்துச்சு. அடுத்த வருஷம் இன்னும் வெக்கமா இருந்துச்சு. அவ்ளோதான். வேற ஒண்ணும் பெரிய சண்டையில்ல."

 பத்தொன்பது வருஷமாக நான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன், நிலத்தகராறு, பெண் விவகாரம் என்று. இத்தனைக்கும் காரணம் ஒரு பஸ் மெதுவாகப் போனது. அதைவிட மோசம், நானும் எட்டுப் பாட்டு எழுதி வைத்து அதே பஸ்ஸைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பேன்? ரொம்ப வெட்கப்பட்டேன். பாட்டைக் குறைக்கச் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டம் மலைமேல். அங்கிருந்து பார்த்தால் கடல் முழுக்கக் கப்பல்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் குழியைச் சொந்தக்காரர்களே மூடுவார்கள். ஆண்கள் மண்வெட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி மண் தள்ளுவார்கள், பெண்கள் பாடுவார்கள். மேடு கட்டி முடிகிறவரை ஒருத்தரும் நகரக்கூடாது. ஆல்ஸ்டன் வாட்சைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மண்வெட்டியை வாங்கினான். வாங்கினவன் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்றே முக்கால். நான் கடலைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், கடலைப் பார்த்தேன். மூன்று ஐம்பத்தைந்து. டான்டி என் கையைக் கிள்ளினார். கீழே தேவாலய மணி நாலு அடித்தது. ஊரே கேட்டது. ஆல்ஸ்டன் தலையைத் தூக்கினான். கப்பல் பக்கம் ஒருதரம் பார்த்தான். உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடி மண்ணை அள்ளினான்.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. இவன் போகவில்லை. மணி அடித்தது தெரிந்தும் போகவில்லை. நான் இழுத்ததால் இல்லை, அவனே நின்றான். நாலு பத்துக்கு மேடு முடிந்து, மலர் வளையங்களை வைத்ததும் நான் அவனிடம் ஓடினேன்.

"டேய், என்னை மன்னிச்சிருடா. எல்லாம் நான் பண்ணினதுதான். எட்டுப் பாட்டு, பதினோரு பேச்சு, எல்லாம் நீ படகை விடணும்னு பண்ணினேன். அப்பா கேட்டாரு, ஒரு ராத்திரி நீ வீட்ல படுக்கணும்னு. நான் சத்தியம் பண்ணிட்டேன். உன்மேல எனக்கும் கோவம்டா. பத்தொம்பது வருஷம் அப்பாவ நான் ஒருத்தியாப் பாத்துக்கிட்டேன். ஆனா நீ நின்னுட்ட பாரு, எனக்கு அது போதும். புது விரிப்பு போட்டு வெச்சிருக்கேன்."

இத்தனையும் சத்தமாக, அழுதுகொண்டே, ஊர் முன்னால். நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. ஆல்ஸ்டனும் அழுதான். மண் கையாலேயே என் தோளைப் பிடித்தான்.

"செல்," என்றான். "மணி மூணு பத்துதான்."

"என்னது?"

பைக்குள்ளிருந்து வாட்சை எடுத்துக் காட்டினான். "கப்பல்ல புளோரிடா மணி. எந்தத் தீவுக்கு வந்தாலும் அவங்க மாத்தறதில்ல. நம்மளவிட ஒரு மணி நேரம் பின்னால. அவங்க நாலுன்னா நமக்கு அஞ்சு."

நான் சுற்றிலும் பார்த்தேன். கிளேவ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "ஆமா மிஸ் செல்மா. காலைல எட்டுன்னு போட்டுட்டு ஒம்பதுக்குத்தான வந்தாங்க? மத்த கப்பலெல்லாம் பக்கத்துத் தீவுலேந்து வர்றது, நம்ம மணி. இது ஒண்ணு மட்டும் இப்படி. டாக்சிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க கேக்கல."

அவரை அந்தக் குழியிலேயே தள்ளியிருப்பேன். அது ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

"அப்ப நீ எல்லாப் பாட்டையும் நிம்மதியா உக்காந்து கேட்ட?"

"ஒரு மணி நேரம் கையில இருந்துச்சே." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எட்டாவது பாட்டுல கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு."

மானம் போனதுகூடப் பரவாயில்லை. அவன் எங்களுக்காக நின்றான் என்று ஒரு பத்து நிமிடம் நம்பினேனே, அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டதுதான் வலித்தது. ஆனால் ஐம்பது நிமிடம் மிச்சம் இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்கு வா. அப்பாவுக்குத் தட்டு வைக்கணும். மகன்தான் வைக்கணும்."

"அது ராத்திரிதான வைப்போம்?"

"உனக்காக இன்னிக்கு ராத்திரி நாலே காலுக்கு வருது."

கிளேவ் தன் வண்டியில் எங்களைக் கொண்டுவந்து விட்டார். பாவம் செய்தவர், வாசலிலேயே காத்திருக்கிறேன் என்றார். ஆல்ஸ்டன் கேட்டைத் தாண்டினான். வாசற்படியில் ஒரு கணம் நின்று, பிறகு வந்துவிட்டான். துவரை போட்ட சோறு, கருவாடு, ஒரு சின்னக் கிளாஸ் ரம். மேசையின் தலைப்பக்கத்தில் அப்பாவின் தட்டை அவனே வைத்தான். சோறு கொஞ்சம் மேசையில் சிந்தியது. ஊரில் இதுவரை யாரும் வெயில் அடிக்கிறபோது செத்தவருக்குச் சோறு வைத்ததில்லை. அப்பா எழுந்து வருவதானால் கண் கூசியிருக்கும்.

"இப்பப் படு," என்றேன்.

"என்ன?"

"அப்பா கட்டில்ல படு. ஒரு ராத்திரின்னாரு. எனக்கு ராத்திரி கெடைக்கல. இருக்கறதுல கொஞ்சம் படு."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பையிலிருந்த வாட்சை எடுத்து மேசைமேல் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான், ஷூவைக் கழற்றினான். நான் அறையின் மரச் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். அறை நல்ல இருட்டாகிவிட்டது.

"பத்து நிமிஷத்துல எழுப்பிரு, செல்."

"எழுப்பறேன்."

கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்டது. அப்பாவின் குறட்டையேதான், மலை ஏறும்போது பஸ் போடுகிற அதே சத்தம். வாசலில் கிளேவின் வண்டி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கே உட்கார்ந்துகொண்டு என்னவெல்லாம் யோசித்தேன் என்பதைச் சொன்னால் பாதர் லுடோவிக் எனக்கு நற்கருணை தரமாட்டார். பேசாமல் உட்கார்ந்தே இருந்தால் போதும். ஆனால் தூங்குகிறவனைத் திருடி வைத்துக்கொண்டால் அது தங்கினதாக ஆகுமா? அப்பாவே ஒத்துக்கொள்ளமாட்டார். நாலே முக்காலுக்கு உள்ளே போய் அவன் தோளைத் தொட்டேன்.

"டேய்."

இருட்டில் கண்ணைத் திறந்தான். "மணி என்ன?"

"நாலே முக்கால்," என்றேன்.

சத்தியமாக நான் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த மணி அதுதான். அவன் அசையாமல் படுத்திருந்தான்.

"நாலு தாண்டிருச்சா?"

உன் மணிக்கு இன்னும் மூணே முக்கால்தான்டா, எழுந்திரு, என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பெருமூச்சு விட்டான்.

"போச்சு போ," என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, விரிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். சன்னலெல்லாம் சாத்தின அந்தப் புழுக்கத்தில் யாரும் போர்த்திக்கொள்ளமாட்டார்கள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் ஊர் முன்னிலையில் எனக்கு மணிப் பாடம் எடுத்தவன் இவன்தான். தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டானா, இல்லை வேறு ஏதாவதா? கேட்டால் பதில் சொல்லிவிடுவான். அதனால் கேட்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன், வாசலுக்குப் போனேன்.

"நீங்க போங்க கிளேவ்."

"மிஸ் செல்மா, இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. கீழ எறக்கம்தான், கொண்டுபோய் விட்டுருவேன்."

"தெரியும். என்ஜின அணைச்சிட்டுச் சத்தமில்லாமப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார், சாத்தியிருந்த சன்னல்களைப் பார்த்தார். என்ஜினை அணைத்தார். வண்டி இறக்கத்தில் தானாக உருண்டு போயிற்று.

நான் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இனி அவன் விமானத்தில்தான் போகவேண்டும், முழு விலையில், சாப்பாடு சேராமல். கப்பலில் இருக்கிற அவன் சூட்கேஸ் மட்டும் ஐந்தாவது தீவையும் பார்த்துவிட்டு வரும்.

ஐந்து மணிக்குக் கப்பல் மூன்றுதரம் ஊதியது. சன்னல் பலகை, மேசைமேல் ரம் கிளாஸ், எல்லாம் அதிர்ந்தன. செத்தவர்கூட எழுந்துவிடுகிற சத்தம். உள்ளே குறட்டை நின்றது. நான் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஊதல் மலையில் மோதித் திரும்பி அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு குறட்டை மறுபடியும் தொடங்கியது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தமாக.